தையல் மிஷின் சாவி

அப்பாவின் சாவிக்கொத்தில் பீரோ சாவி, சைக்கிள் சாவி, ஆபீஸ் மேஜை சாவி எல்லாம் இருக்கும். இருப்பதிலேயே சின்னது டிவி சாவி. "டிவிக்கு எதுக்கும்மா சாவி?" என்று என் மகன் கேட்டான். அவனுக்குத் தெரிந்த டிவி சுவரில் மாட்டிய ஒரு பலகை. எங்கள் டிவி மரக் கேபினெட்டில், நாலு காலோடு நின்றது. எண்பதுகளில் மெட்ராஸில் செய்து வந்த டயனோரா, சாலிடேர் பெட்டிகள் பலவும் அப்படித்தான். முன்னால் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடுகிற மரப்பட்டை ஷட்டர், நடுவில் ஒரு பூட்டு. தூசி படாமல் இருக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருப்பார். அப்பா அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தார்.

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில், கணக்குப் பிரிவில் வேலை. வீட்டிலும் எல்லாவற்றுக்கும் கணக்குதான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம், அதோடு சரி. மிச்ச நேரமெல்லாம் ஷட்டர் மூடியிருக்கும். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையும் சட்டத்தில் சேர்ந்தது. இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் குளித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எதிர்வீட்டு ஆச்சி டிவியைக் கும்பிட்டுவிட்டு ஓரமாகத் தரையில் உட்காருவாள். சாமி படத்துக்குக் கணக்கில்லை என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். விதிவிலக்கு என்று ஒன்று கிடைத்துவிட்டால், அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்றுதான் பிள்ளைகள் முதலில் பார்க்கும். "யப்பா, இது முருகன் படம்ப்பா" என்று எத்தனையோ படத்துக்குள் அண்ணன் முருகனைக் கொண்டுவந்திருக்கிறான். என் மகன் இப்போது "அம்மா, இது சயின்ஸ் வீடியோம்மா" என்கிறான். எட்டிப் பார்த்தால் ஒருவர் கோலா பாட்டிலுக்குள் மிட்டாயைப் போட்டுப் பொங்கவிட்டுக்கொண்டிருப்பார். சயின்ஸ்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

எங்கள் ஊருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மெட்ராஸில் 1975-லேயே டிவி நிலையம் வந்துவிட்டாலும் அது எங்களை எட்டப் பல வருஷம் ஆனது. அதற்குள் 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிவிட்டார்கள். ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டரைக் கொஞ்சம் முறுக்கினால் படம் வந்துவிடும். மழைக்கோடு மாதிரி புள்ளி விழுந்தாலும் படம் படம்தானே. சிங்களம் புரியாது, அதனால் என்ன, இந்தி மட்டும் புரிந்ததா? அப்பாவின் சட்டத்தில் ரூபவாஹினியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அண்ணனுக்கு அது போதும்.

பூட்டிய பெட்டியை எப்படித் திறந்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். மாட்டிக்கொண்டதை முதலில் சொல்லிவிடலாம். சாயங்காலம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும். அதற்குள் அணைத்து, ஷட்டரை இழுத்து, பூட்டி, ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பிக்சர் ட்யூப் அணைத்த உடனே அணையாது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, மெல்லச் சுருங்கி, அப்புறம்தான் போகும். அது போகிறவரை ஷட்டரை மூட எனக்கு மனசு வராது. அண்ணன் நடுமண்டையில் குட்டுவான். அப்பா உள்ளே வருவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக டிவிக்குப் பின்னால் போய், காற்றுப் போக விட்டிருக்கும் வரிசைத் துளைகளின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு இருந்தால் திரும்பி எங்களைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு தடவை அண்ணன் பனையோலை விசிறியால் வீசி ஆற்றப் பார்த்தான். ஈரத்துணி போடலாமா என்று யோசித்தவனை அம்மாதான் தடுத்தாள். "கரண்டு அடிச்சுச் சாவணுமாலே?"

அப்பா கை நீட்டி அடிக்கிறவர் இல்லை. அவர் கொடுக்கிற தண்டனை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் எங்கள் வீட்டு ஹாலில் வந்து நிரம்பிவிடும். தெருவில் டிவி இருந்தது இரண்டே வீட்டில். ஷட்டரைத் திறந்து அவர்களை உட்காரவைத்துவிட்டு, எங்களை அடுப்படிக்குப் போகச் சொல்வார். அண்ணனும் நானும் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்போம். பாட்டு கேட்கும், ஆட்டம் தெரியாது. எவனாவது ஒருத்தன் ஹாலில் சிரித்தால் எதற்குச் சிரித்தான் என்று தெரியாமல் வயிறு எரியும். அந்த வயதில் அப்படிக் கேட்ட பாட்டுகள் சிலவற்றை இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. யூடியூபில் போட்டால் வந்துவிடும். போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

தண்டனையில் குறை சொல்ல முடியாது. அடி இல்லை, திட்டு இல்லை, எதை எடுத்தாயோ அதுவே போச்சு. கணக்கில்தான் ஒரு ஓட்டை இருந்தது. பார்த்தோம் என்று ஒத்துக்கொண்டாலும் ஒரு வெள்ளி போகும். பார்க்கவில்லை என்று சாதித்து, அப்புறம் மாட்டினாலும் அதே ஒரு வெள்ளிதான். உண்மைக்கும் பொய்க்கும் விலை ஒன்று என்றால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? பொய்யிலாவது தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. துறைமுகத்தின் கணக்கையெல்லாம் சரிபார்த்தவர் இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்.

சாவிக் கதை இதுதான். அண்ணன் தருவை மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவான். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் போனால் இருட்டின பிறகுதான் வருவான். ஒரு பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தபோது, டிவியினால்தான் என்று அப்பாவாக முடிவுசெய்து, கிரவுண்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். டிவி பார்த்ததற்குத் தண்டனை கிரிக்கெட்! அம்மாவுக்கே அது விளங்கவில்லை. அண்ணன் சாயங்காலம் முழுக்க வீட்டில் கிடந்தான். பூட்டிய டிவியும் அவனும் எதிரெதிரே. முதலில் கொண்டை ஊசியால் குடைந்தான். பிறகு வீட்டிலுள்ள சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து நுழைத்துப் பார்த்தான். அம்மாவின் தையல் மிஷின் மூடிச் சாவி உள்ளே போய், கொஞ்சம் ஆட்டினால் திரும்பியது. மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரை அந்தப் பூட்டை அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அம்மாவுக்குத் தெரியும். தையல் மிஷின் சாவி இடம் மாறியது தைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. வாசலில் சைக்கிள் தலை தெரிந்தால் அடுப்படியிலிருந்து இருமுவாள். அதற்குக் காரணம் எட்டையபுரத்தில் இருக்கிறது. தாத்தா வீட்டில் பொம்பளைப் பிள்ளைகள் தொடர்கதை படிக்கக் கூடாது. அம்மா பக்கத்து வீட்டிலிருந்து வாரப் பத்திரிகைகளை இரவல் வாங்கி, நெல் குலுக்கைக்குள் ஒளித்துவைத்துப் படித்திருக்கிறாள். தாத்தா ஒரு தடவை கண்டுபிடித்து, பத்திரிகையை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். இரவல் புத்தகம்! திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தாளாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அம்மாவின் குரல் ஏறும்.

தொடர்கதை, ரேடியோ, டிவி, இப்போது செல்போன், எல்லாக் காலத்திலும் பெரியவர்கள் இப்படித்தான் பயந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. தொடர்கதையில் 'தொடரும்' என்று ஒரு வார்த்தை வரும். அடுத்த வாரம்வரை புத்தகத்துக்கு நம்மிடம் ஒரு வேலையும் கிடையாது. ஒளியும் ஒலியும் முடிந்தால் செய்தி வந்துவிடும், பிள்ளைகள் தாமாக எழுந்து போய்விடும். ராத்திரி ஆனால் நிலையத்தையே மூடிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு முடிவு என்பதே கிடையாது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடைசெய்தார்கள். செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, அதுவும் முதன்முதலில் இந்தியாவுக்குத்தான். ஒன்று முடிந்தால் அடுத்தது விரல் நுனியில் காத்திருக்கிறது. நிறுத்துகிற வேலை முழுவதையும் பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் கட்டிவிட்டு, அவனுக்குக் கட்டுப்பாடு இல்லை என்கிறோம்.

2020-இல் பையன் இரண்டாம் வகுப்பு. அதுவரை எங்கள் மதுரை வீட்டில் பிள்ளை கையில் போன் கிடையாது என்பது எழுதப்படாத சட்டம். கொரோனா வந்தது, பள்ளிக்கூடமே போனுக்குள் போய்விட்டது. காலை ஒன்பதரைக்கு யூனிஃபார்ம் சட்டை மட்டும் போட்டு, கீழே டிரவுசரோடு, "குட் மார்னிங் மிஸ்" என்பான். வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகளுக்கு 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பறை ஆனது. எந்தத் திரையைத் தொடாதே என்று அதட்டினோமோ அதைத் தொட வைக்க அதட்டினோம். 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளைத் திறந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்கள்; போன் எங்கேயும் திரும்பிப் போகவில்லை.

இப்போது ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான் போன். சாப்பிடும்போது கிடையாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஹாலில் சார்ஜில் கிடக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஒருநாள் ராத்திரி நூறு சதவீதம் ஏறியிருந்த போன் காலையில் நாற்பத்தி மூன்றில் கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் ஹாலில் பார்த்தேன். சார்ஜர் மட்டும் தொங்கியது. பையன் போர்வையை இழுத்துப் போர்த்திக் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். அவ்வளவு இறுக்கித் தூங்குகிறவர்கள் யாரும் கிடையாது. தலையணைக்கடியில் கையை விட்டேன். உள்ளங்கையில் சூடு பட்டது. அப்பாவின் கை எங்கேயிருந்து எனக்கு வந்தது என்று சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்ததால் பையன் இன்னும் பயந்துவிட்டான்.

காலையில் விசாரணை. "அவன் அடிக்ட் ஆயிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வார்த்தையை வீட்டுக்குள் இவ்வளவு சல்லிசாகப் புழங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் அடையாளம் வேறு. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. அப்படி ஆகிவிட்டவர்களுக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. போர்வைக்குள் ஒளிந்து பார்த்துவிட்டு, அம்மா வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிற பையன் திருட்டுத்தனம் செய்தவன். திருட்டுத்தனத்துக்குத் தண்டனை போதும், வைத்தியம் வேண்டாம்.

"சரி, அப்ப ஒரு மாசம் கிரவுண்டுக்குப் போகக் கூடாது. அப்பத்தான் புத்தி வரும்" என்றார்.

தையல் மிஷின் சாவி எனக்குள் திரும்பியது அப்போதுதான். கூடவே கூடாது என்றேன். இதைப் பற்றிப் படித்ததில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் திரை நேரத்துக்கு எண் சொல்கிறது: இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-இல் சொன்னது. 2020-இல் 5 முதல் 17 வயதுக்காரர்களுக்கு வழிகாட்டுதல் எழுதியபோது, பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறைக்கச் சொன்னதே தவிர இத்தனை மணி என்று கோடு போடவில்லை. கோடு போட்டது ஓடியாடுவதற்கு. ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும். கிரவுண்டுக்குப் போகும் பையன் அந்தக் கோட்டைத் தினமும் தாண்டுகிறான். அதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் உட்காரவைத்தால் அவன் எதிரே மிஞ்சியிருப்பது போன்தான். டியூஷனை நிறுத்துகிறேன் என்று எந்தத் தகப்பனாவது மிரட்டியதுண்டா? நிறுத்தினால் போவது விளையாட்டு, ஊருக்குப் போவது, சிநேகிதன் வீட்டுக்குப் போவது. பிள்ளையைத் திரையிலிருந்து இழுத்துக்கொண்டு போகக்கூடிய எல்லாவற்றையும் நாமே வரிசையாக அடைத்துவிடுகிறோம். மார்க் வாங்கினால் கூடுதலாக அரை மணி நேரம் போன் என்று பரிசு அறிவிக்கிற வீடுகளும் இருக்கின்றன. அதன் விலையை ஏற்றிவிட இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசியில் அப்பாவின் வெள்ளிக்கிழமையையே எடுத்துக்கொண்டேன், ஓட்டையை மட்டும் அடைத்து. விதியை உடைத்தால் மறுநாள் போன் கிடையாது. அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும்; மாசக் கணக்கெல்லாம் இல்லை. நீண்ட தண்டனையைப் பெற்றவர்களாலேயே காப்பாற்ற முடியாது, மூன்றாம் நாள் விருந்தாளி வந்தால் நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். தானாக வந்து சொன்னால் பாதி நாள். உண்மைக்குத் தள்ளுபடி உண்டு.

இன்னொரு திருத்தம் பையன் சொன்னது. அவன் ஆடுவது நாலு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம். நேரம் முடிந்தது என்று ஒருநாள் அவன் அப்பா நடு ஆட்டத்தில் போனைப் பிடுங்கிவிட்டார். பையன் அழுத அழுகை எனக்கே அதிகமாகப் பட்டது. ராத்திரி சோறு பிசைந்துகொண்டே சொன்னான்: "பாதியில விட்டுட்டுப் போனா ஸ்குவாட்ல திட்டுவாங்கம்மா. நெட் கட் ஆயிருச்சுன்னு பொய் சொன்னேன்." எங்கள் விதி அவனை வெளியே பொய் சொல்ல வைத்திருக்கிறது. அதிலிருந்து ஆட்டத்துக்கு நிமிடக் கணக்கு கிடையாது, ஆட்டக் கணக்குதான். இரண்டு ஆட்டம், முடிந்ததும் போன் மேஜைக்கு வந்துவிட வேண்டும். பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஷார்ட்ஸுக்கு இந்தக் கணக்கு உதவாது, முடிவில்லாததற்குக் கடிகாரம்தான்.

கூகுளின் ஃபேமிலி லிங்க்கையும் போட்டுப் பார்த்தோம். குறித்த நேரம் ஆனால் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு திறக்கப் பெற்றோர் போனில் இருக்கும் எண் வேண்டும். முதல் வாரம் நிம்மதி. இரண்டாவது வாரம் பையன் அனாவசியத்துக்கு ஆச்சிமேல், அதாவது என் அம்மாமேல், பாசமாக இருந்தான். ஆச்சிக்குக் கால் அமுக்கிவிடுவதென்ன, மாத்திரை எடுத்துக் கொடுப்பதென்ன! ஆச்சியின் போனுக்குப் பூட்டே கிடையாது. சீனாவில் 2021-இல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரைதான் ஆன்லைன் ஆட்டம் ஆடலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. அங்கேயும் பிள்ளைகள் தாத்தா பாட்டி பெயரிலிருந்த கணக்கில் போய் ஆடியதாகச் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய அரசாங்கத்தால் முடியாததை நான் எங்கே கிழிக்கப்போகிறேன்?

சாப்பாட்டு நேர விதி மட்டும் எல்லோருக்கும் பொது என்று தாளில் எழுதிவிட்டோம். முதலில் மாட்டியவர் வீட்டுக்காரர்தான். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு "ஆபீஸ் மெசேஜ்" என்றார். "அதுவும் சயின்ஸ் வீடியோ மாதிரிதாம்ப்பா" என்றான் பையன். மறுநாள் ராத்திரி அவருக்கு டிவியில் நியூஸ் விவாதம் கிடையாது என்று தீர்ப்பானது. முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அந்த வாரம் பையன் தாளைப் பற்றி ஒரு தகராறும் செய்யவில்லை.

அண்ணன் ஓசூரில் இருக்கிறான். அவன் மகள் பத்தாம் வகுப்பு. "நீ எப்படிலே சமாளிக்க?" என்று கேட்டேன். "ராத்திரி ரவுட்டரை அணைச்சுருவேன். அவ பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு வாங்கி வச்சிருக்கா" என்றான். சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வாரமும் பையன் விதியை உடைத்தான். அவனே வந்து சொன்னான், பாதி நாள் போனது, சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய்விட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு ஒன்றுதான். "யம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் போட்டு வைம்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மா அசைவதில்லை. "பிள்ள ஒரு ஆட்டம் ஆடுனா என்னட்டி, நான் என்ன எங்க அய்யா மாதிரியா?" என்கிறாள். எழுபத்தெட்டு வயதுக்காரியைத் திருத்த உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். நெல் குலுக்கைக் கதை தெரிந்த எனக்கு அவளிடம் கண்டிப்பாகப் பேச வாய் வரவில்லை.